பரணில் இருக்கும் அடைக்கலப் பொருள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாங்கோன் நகரின் நடுப்பகுதியில் பழைய மாடி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. வீடு காலி செய்யும்போது பரணிலிருந்தும் மாடிப்படிக்கு அடியிலிருந்தும் மூட்டைகள் இறங்குகின்றன. அவற்றில் சில, அந்த வீட்டாருடையவையே அல்ல. 1941 டிசம்பரிலும் 1942 தொடக்கத்திலும் ஊரைவிட்டு ஓடிய யூதக் குடும்பங்கள், "திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறோம்" என்று அண்டை வீட்டில் வைத்துப்போனவையாக இருக்கலாம். பழம்பொருள் வியாபாரி வந்து எடைக்கு விலை பேசுவதற்குள் தமிழ்க் குடும்பங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ரங்கூன் யூதர்கள் பெரும்பாலும் பாக்தாத்திலிருந்து கல்கத்தா வழியாக வந்தவர்கள். வீட்டில் அரபு பேசியவர்கள். தேக்கு, அரிசி வியாபாரத்தில் இருந்தவர்கள். 26ஆம் தெருவில் இன்றும் நிற்கும் முஸ்மெயா யெஷுவா தொழுகைக்கூடம் 1893 முதல் 1896 வரை கட்டப்பட்டது. போருக்கு முன் இச்சமூகத்தில் சுமார் 2,500 பேர். 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஆகவே ஒரு யூதக் குடும்பத்துக்கு எதிர்க்கதவு வீட்டார் தமிழ் முஸ்லிம்களாகவோ, செட்டியார் கடைக் கணக்கப்பிள்ளையாகவோ இருந்தது வெகு சாதாரணம்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி முதல் குண்டுவீச்சு. 25ஆம் தேதி மறுபடியும். 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பானியர் நகருக்குள் வந்துவிட்டார்கள். இடையில் இருந்தது பதினோரு வாரம்கூட இல்லை. கப்பலில் இடம் கிடைத்தவர் கையில் ஒரு பெட்டி. கிடைக்காதவர் புரோம் வழியாகத் தாங்கப் கணவாயைக் கடந்து அக்யாபுக்கோ, தமு வழியாக மணிப்பூருக்கோ நடந்தார். நடப்பவர் வெள்ளி விளக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அரிசியும் தண்ணீரும்தான் சுமை. யூதர்கள் ஆங்கிலேயர் பக்கம் என்று ஜப்பானியர் சந்தேகப்பட்டதால், தங்கியிருந்து பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. பெரும்பாலோர் கல்கத்தா போனார்கள். போருக்குப் பின் திரும்பியவர்கள் சில நூறு பேரே.

அதே நாட்களில் ஐரோப்பாவில் யூதர் சாமான்களுக்கு நேர்ந்தது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அது நமக்குப் பெரிய பாடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம்.

ஹாலந்தில் ஜெர்மானிய ஆட்சி முதலில் பணத்தில் கை வைத்தது. 1941 ஆகஸ்டில் வந்த ஆணைப்படி யூதர்கள் ரொக்கத்தையும் பங்குப் பத்திரங்களையும் ஆம்ஸ்டர்டாமில் லிப்மான் ரோசன்தால் என்ற பெயரில் இயங்கிய ஒரு வங்கியில் கட்ட வேண்டும். பெயர் மட்டும்தான் பழைய யூத வங்கியின் பெயர், வேலை கொள்ளை. 1942 மே 21ஆம் தேதி இரண்டாம் ஆணை: நகை, வெள்ளி, ஓவியம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். ஜூலையில் ஆட்களை ரயிலேற்றத் தொடங்கினார்கள். ஒரு குடும்பம் போனதும் குமாஸ்தாக்கள் வீட்டுக்குள் நுழைந்து, இந்த அறையில் நாற்காலி இத்தனை, அந்த அலமாரியில் துணி இத்தனை என்று கணக்கெழுதுவார்கள். பிறகு வண்டி வரும். பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து மூன்றிலும் இப்படிக் காலியான வீடுகள் ஏறத்தாழ 70,000.

இதற்குத் தப்பத்தான் மக்கள் அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே நாளில் அல்ல. சந்தேகம் வராதபடி தினமும் ஒரு பையாக, விரிப்பு, கரண்டி, கடிகாரம், புகைப்படம் என்று. வாங்கி வைத்தவர்களுக்கு டச்சு மொழியில் ஒரு பெயரே பிறந்தது: "பெவாரியர்". பத்திரமாக வைத்திருப்பவர் என்ற சொல்லையும் "ஆரியர்" என்ற சொல்லையும் ஒட்டிய கசப்பான வார்த்தை அது. ஹாலந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட யூதர்கள் சுமார் 1,07,000. உயிரோடு திரும்பியவர்கள் ஏறத்தாழ 5,200. அவர்களும் ஒளிந்திருந்து தப்பியவர்களும் 1945இல் அந்தக் கதவுகளைத் தட்டியபோது, சிலர் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் "ஜெர்மன்காரன் எடுத்துப் போய்விட்டான்" என்றார்கள். சிலர் "1944, 45 குளிர்காலப் பஞ்சத்தில் விரிப்பைக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கினோம்" என்றார்கள். அந்தப் பஞ்சத்தில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். ஆகவே அந்தச் சொல் உண்மையாகவும் இருக்கும், சாக்காகவும் இருக்கும். எது எதுவென்று பிரித்துக் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கொள்ளையடித்தவனிடம் அறை அறையாகப் பட்டியல் இருந்தது. நம்பிக் கொடுத்தவரிடமும் வாங்கி வைத்தவரிடமும் பட்டியல் இல்லை. எழுதி வைத்திருந்தால், சோதனையில் அகப்பட்டால் இருவருக்கும் ஆபத்து. அதனால் வாய்ச்சொல் மட்டும். கொடுத்தவர் செத்ததும் பாதிக் கணக்கு போயிற்று. வாங்கியவர் செத்ததும் மீதியும் போயிற்று. மூன்றாம் தலைமுறைக்கு அது "பாட்டி வீட்டு வெள்ளிக் கரண்டி". திருடும் எண்ணமே இல்லாத வீட்டிலும் அடைக்கலப் பொருள் சொந்தப் பொருளாவது இந்த வழியில்தான்.

நல்லபடி நடந்ததற்கும் ஒரு சாட்சி உண்டு. 1942இல் தலைமறைவாகும் முன் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி, கோலிக்குண்டு போட்ட ஒரு தகரப் பெட்டியையும் பொம்மைத் தேநீர்ப் பாத்திரங்களையும் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் கொடுத்தாள். போர் முடிந்து தந்தை மட்டும் திரும்பியபோது, அந்தப் பெண் அவற்றை அவரிடம் நீட்டினாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். 2014இல் ராட்டர்டாம் கண்காட்சியில் அந்தப் பெட்டி வைக்கப்பட்டது. எழுபது வருடம் அது வெறும் கோலிப் பெட்டியாகிவிடாமல் இருந்ததற்குக் காரணம், வைத்திருந்தவர் யாருடையது என்பதை மறக்காததும், கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுக்க முன்வந்ததும்.

பர்மாவில் கெட்டுப்போன விதம் வேறு. இங்கே யூதர் வீட்டைத் தேடித் தேடிக் காலி செய்யும் அலுவலகம் இல்லை. ஆனால் வாங்கி வைத்த அண்டை வீட்டாரே ஓட வேண்டியிருந்தது. நம் குடும்பங்களும் பூட்டிய வீட்டுச் சாவியை பர்மியர் வீட்டில் கொடுத்துவிட்டு நடந்தவர்கள்தாமே. ஆகவே ஒரே மூட்டை இரண்டு மூன்று கை மாறியிருக்கும். ஜப்பான் காலத்தில் துணிப் பஞ்சம் கடுமை. திரைச்சீலையும் மேஜை விரிப்பும் உடுதுணியாகப் போயிருக்கும். விற்றவர்களுக்குக் கிடைத்தது ஜப்பான் ராணுவ நோட்டு, 1945இல் அது வெறும் காகிதம். பிறகு 1964இல் கடைகளைத் தேசியமயமாக்கி, மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியபோது தமிழர்கள் மறுபடி கிளம்பினார்கள். முன்பு அடைக்கலமாக வந்த பொருள் அப்போது வேறொரு வீட்டுக்கு அடைக்கலமாகப் போயிற்று. அதனால் உங்கள் வீட்டில் இருப்பதை முதலில் வாங்கி வைத்தவர் உங்கள் பாட்டனாராகவே இருக்க வேண்டியதில்லை.

இனி, பொருளை அடையாளம் காணும் விதம்.

எட்டுக் கிண்ண விளக்கு ஒன்று கிடைத்தால் அதைக் கோயில் விளக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பாக்தாத் யூதர்கள் ஹனுக்கா என்ற எட்டு நாள் விளக்குப் பண்டிகைக்கு ஏற்றும் விளக்கு பெரும்பாலும் சுவரில் தொங்கும் பித்தளைத் தகடு. எண்ணெய்க் கண்ணாடிக் கிண்ணம் உட்கார எட்டு வளையம் வரிசையாக, ஒன்பதாவது தனியாக இருக்கும். கண்ணாடி உடைந்து வளையங்கள் மட்டும் மிஞ்சியிருக்கலாம். உருளையாக, நிமிர்ந்து நிற்கும் மரப்பேழை, மேலே வெள்ளித் தகடோ வெல்வெட்டோ போர்த்தியது கிடைத்தால் அது வேதச்சுருளின் உறை. உள்ளே தோல்சுருள் இருக்கலாம். மீனும் பறவையும் வரைந்த பெரிய தாள், நடுவே நெருக்கமான எழுத்து என்றால் திருமண ஒப்பந்தமாக இருக்கக்கூடும். எல்லாவற்றிலும் விலைமதிப்பற்றது அதுதான். மணமகன், மணமகள், இருவர் தந்தையர் பெயர், ஊர், தேதி எல்லாம் அதில் உண்டு. கடிதங்கள் எபிரேய எழுத்தில் இருந்தாலும் மொழி அரபாக இருக்கும். எபிரேயம் தெரிந்தவர் "புரியவில்லை" என்று திருப்பிக் கொடுத்தால் பயனற்றது என்று எறிந்துவிடாதீர்கள். பாக்தாத் யூதர் வழக்கு அறிந்தவர் படிப்பார்.

வாசல் நிலையையும் பாருங்கள். உள்ளே நுழையும்போது வலக்கைப் பக்கத்து நிலைக்காலில், தோள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஆணித்துளை இருந்தால் அங்கே மெசூசா என்ற விரல் நீளக் குப்பி அடித்திருந்திருக்கலாம். இந்தச் சமூகத்தார் அதைச் சாய்க்காமல் நேராக அடிப்பது வழக்கம். சில நிலைகளில் குப்பியே இருந்து, நான்கைந்து கோட்டு வர்ணத்துக்குள் ஒரு சின்னப் புடைப்பாகத் தெரியலாம். திருப்புளியால் நெம்பினால் குப்பி நசுங்கி, உள்ளே இருக்கும் தோல் கிழியும். அதில் 22 வரி கையெழுத்து இருக்கிறது. கூரிய கத்தியால் ஓரத்து வர்ணத்தைச் சுற்றிக் கீறிவிட்டு ஆணியைத் தளர்த்துங்கள். எந்தத் தெரு, எந்த எண், எந்த மாடி, எந்தக் கதவு என்று அப்போதே எழுதுங்கள். கட்டடம் இடிந்த பிறகு அந்தக் கதவின் முகவரியைச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

எழுத்து தெரியாதே என்று தயங்க வேண்டாம். போருக்குப் பின் ஜெர்மனியில் ஆஃபன்பாக் என்ற ஊரில், கொள்ளைபோன 30 லட்சத்துக்கும் அதிகமான புத்தகங்களையும் ஏடுகளையும் உரியவர்களுக்குப் பிரித்தார்கள். அங்கே வேலை செய்த பலருக்கு எபிரேயம் தெரியாது. புத்தகத்தில் இருந்த முத்திரைகளைப் படமெடுத்து, ஒரே வடிவம் உள்ளவற்றை ஒரே குவியலாகச் சேர்த்தார்கள். வடிவம் பார்க்கக் கண் போதும். முதலில் எது மேல், எது கீழ் என்று பாருங்கள்: லாமெத் என்ற ஓர் எழுத்து மட்டும் வரிக்கு மேலே சுடர்போல் எழும்பி நிற்கும். அது மேலே இருந்தால் தாளைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கைபேசியின் முன்பக்கக் கேமராவால் எடுக்காதீர்கள். எழுத்து இடம் வலம் மாறிப் பதியக்கூடும்.

வருடம் கண்டுபிடிப்பது எளிது. நம் பழைய கணக்கேடுகளில் க, உ, ங என்று எழுத்தே எண்ணாக நின்றதுபோல எபிரேயத்திலும் எழுத்தே எண். கடைசி எழுத்துக்கு முன் இரண்டு சிறு கீறல் இருந்தால் பெரும்பாலும் அது எண். தாவ் 400, ஷின் 300, ரேஷ் 200, நூன் 50, வாவ் 6, பெத் 2. ஆயிரத்தை எழுதாமல் விடுவது வழக்கம். கூட்டி வருவதோடு 1240 சேர்த்தால் நம் வருடம் வரும். தாவ், ரேஷ், நூன், வாவ் என்று இருந்தால் 656. 1240 சேர 1896. தாவ், ஷின், பெத் என்றால் 702, அதாவது 1942. அவர்கள் வருடம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், குண்டு விழுந்த 1941 டிசம்பரும் அந்த 702க்குள்தான் அடங்கும். கணக்கில் ஒரு வருடம் முன்னே போகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது, கெடுக்காமல் வைப்பது. நம் வீடுகளில் விளக்கு என்றால் புளி போட்டுத் துலக்கும் கை சும்மா இராது. தயவுசெய்து வேண்டாம். வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். புளியும் சாம்பலும் செங்கல் பொடியும் தேய்த்தால் மெல்லிய பொறிப்பு மழுங்கும், தங்கப் பூச்சு போய்விடும். பெயர் இருந்த இடம் பளபளவென்று காலியாகிவிடும். கழுவி உலர்த்திய பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியில் கறுப்புத் தழும்பு உண்டாக்கும். செய்தித்தாளும் கம்பளித் துணியும் ஆகாது. பாச்சை உருண்டை பொருளைத் தொடக்கூடாது.

காகிதத்தை லேமினேட் செய்துவிட்டால் திரும்பப் பிரிக்க வழி இல்லை. ஒட்டு நாடாவும் அப்படித்தான். பத்து வருடத்தில் மஞ்சளாகி மையைத் தின்னும். தோல்சுருளை விரித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். உலர்ந்த தோலை வலிந்து விரித்தால் மை செதிளாக உதிரும். வெயிலில் காய வைத்தால் சுருங்கும். யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல், காற்று வரும் அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை கரையான் பாருங்கள். சுருளோ ஜெபப் புத்தகமோ சிதைந்துபோயிருந்தாலும் குப்பையில் போடக்கூடாது. சிதைந்த வேத எழுத்தை மண்ணில் அடக்கம் செய்வது அவர்கள் முறை. அதையும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். சுருளைத் துண்டு துண்டாக வெட்டி விற்கும் வியாபாரிகள் உண்டு. ஒரு துண்டுக்கு நல்ல விலை சொன்னால் அதற்காகவே இன்னும் உஷாராக இருங்கள்.

பிறகு சீட்டு. எங்கள் கடிதத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பென்சிலால், தனித்தாளில், ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு. நீளம், அகலம் சென்டிமீட்டரில், எடை கிராமில். தட்டான் கடையில் டிக்கல் என்ற பர்மிய எடைக் கணக்கு சொன்னாலும் கிராமையும் கேட்டு எழுதுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, நான்கு பக்கமும் அடியும் படமெடுங்கள். பிளாஷ் வேண்டாம், வெள்ளி கண்ணைப் பறித்து எழுத்து மறையும். மங்கிய பொறிப்புக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்தால் எழுத்து நிழலோடு எழும். ஆங்கிலேய வெள்ளியானால் சிங்க முத்திரை இருக்கும். அதோடு நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன்.

வீட்டுப் பெரியவர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். யார் கொண்டுவந்தார், எந்த மாடியில் இருந்தார், என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எத்தனை உருப்படி, 1945க்குப் பிறகு யாராவது தேடி வந்தார்களா. அவர் கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியே எழுதுங்கள். "நாலு இருந்தது, ரெண்டை அரிசிக்கு விற்றோம்" என்று சொன்னால், வெட்கப்படாமல் அதையும் அப்படியே எழுதுங்கள். பட்டினியில் விற்றதற்காக யாரும் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். மறைத்தால், மிச்சம் இருக்கும் இரண்டைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள்.

போலீஸ், கோர்ட் என்ற அச்சத்தால் பல வீடுகளில் பேச்சே எடுப்பதில்லை. பர்மாவில் வழங்கும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு முதல் அடைக்கலப் பொருளைப் பற்றிப் பேசுகிறது. தன் பொருளைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151. பசுவை அடைக்கலமாக வைத்து அது கன்று ஈன்றால், கன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடு என்கிறது 163. அதே நேரம் 1908ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின்படி, அடைக்கலப் பொருளைக் கேட்டு வழக்குப் போட 30 வருடக் கெடு. 1941 டிசம்பரில் வைத்ததற்கு 1971 டிசம்பரில் கெடு முடிந்தது. கேட்டு வழக்குப் போடும் காலம் போய்விட்டது. கொடுப்பதற்கு மட்டும் எந்தக் கெடுவும் இல்லை.

யாரிடம் கொடுப்பது? வழிபாட்டுப் பொருளானால் 26ஆம் தெருத் தொழுகைக்கூடத்தைக் கவனிக்கும் அறங்காவலர்களிடம் முதலில் சொல்லுங்கள். இன்று இங்கே இருக்கும் யூதர்கள் இருபது பேர் அளவில்தான் என்றாலும் இடம் பூட்டிக் கிடக்கவில்லை. குடும்பப் பெயர் தெரிந்தால் 91ஆம் தெரு யூத இடுகாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் உள்ள தந்தை பெயரோடு ஒப்பிடலாம். ரங்கூனிலிருந்து போனவர்களின் பிள்ளைகள் கல்கத்தா, இஸ்ரேல், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று பரவியிருக்கிறார்கள். கொடுக்கும்போது இரு படி ரசீது, இரு சாட்சி, படத்தின் நகல். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளுக்கு 2015இல் தனிச் சட்டம் வந்திருப்பதால், அனுமதி வாங்காமல் யார் பெட்டியிலும் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். வழியில் பிடிபட்டால் பொருள் மூன்றாம் முறையும் தொலைந்துபோகும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படிக் கிடைத்த பொருள்களைப் பற்றி வாசகர்கள் எழுதினால், தங்கள் நாளிதழில் கட்டணமின்றி ஒரு சிறு அறிவிப்பு போட இடம் தர வேண்டும். பொருள் என்ன, எந்தத் தெருப் பக்கம் கிடைத்தது என்பது மட்டும் போதும். எடையையும், பொறிப்பில் உள்ள பெயரையும், ஏதாவது ஒரு பழுதையும் அச்சிடாமல் அலுவலகத்தில் உறையிட்டு வையுங்கள். "எங்களுடையது" என்று வருகிறவர் அந்த மூன்றில் ஒன்றையாவது தாமே சொல்லட்டும்.

இப்படிக்கு,
பழைய ஏடுகளையும் உலோகப் பொருள்களையும் செப்பனிடும் பணியில் உள்ள சிலர்
யாங்கோன்